பிக் பிடிக்கும் இரண்டு விரல்கள்

1982-இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ படம் வந்தது, அதில் ‘இளைய நிலா’ பாட்டும். அன்றிலிருந்து இன்றுவரை என்னிடம் கிட்டார் கற்க வரும் பிள்ளைகள் பலர் கேட்கும் முதல் கேள்வி, “சார், ‘இளைய நிலா’ எப்போ வாசிக்கலாம்?” என்பதுதான். அடுத்து இடது கைக்குப் போய்விடுவார்கள்: எந்த ஃபிரெட், எந்த விரல், எந்த கார்டு. வலது கையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நாதம் பிறப்பதோ அங்கேதான். அதனால் பிக்கை, அதாவது ஸ்ட்ரிங்கை மீட்டும் சின்னத் தகட்டை, பிடிக்கும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நான் சொல்லிவரும் சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

1. முதலில் பிடியைச் சரிசெய்யுங்கள். ஆள்காட்டி விரலை இயல்பாக மடக்குங்கள். அதன் நுனிக் கணுவின் பக்கவாட்டில் பிக்கை வைத்து, மேலே கட்டைவிரலின் சதைப்பகுதியை வையுங்கள். பிக்கின் கூர்முனை 3, 4 மில்லிமீட்டர் வெளியே தெரிந்தால் போதும். ராக் கிட்டார் கலைஞர் எட்டி வான் ஹேலன் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே பிடித்தார். அது அவருடைய கைக்குப் பொருந்தியது. நீங்கள் ஒரு வருடம் இந்தப் பிடியிலேயே நில்லுங்கள்.

2. கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். நகத்தின் நுனி வெளுத்திருந்தால் தேவைக்கு மேல் அழுத்துகிறீர்கள். சென்னை வெயிலில் விரல் வியர்த்து பிக் வழுக்கும். வழுக்குகிறதே என்று இறுக்குவீர்கள், இறுக்கியதும் விரல் கணு இரண்டும் பூட்டிக்கொள்ளும், அதன்பிறகு எந்த அசைவும் வராது. ஒரு கைக்குட்டையைத் தொடைமேல் போட்டுக்கொண்டு அடிக்கடி துடையுங்கள். வழவழப்பான பிக் வேண்டாம், சொரசொரப்பான மேல்பரப்பு உள்ளதை வாங்குங்கள். கனம் 0.73 மில்லிமீட்டர் இருந்தால் தொடக்கத்துக்குச் சரி.

3. பிக் மூன்று இடங்களிலிருந்து அசையலாம்: முழங்கை, மணிக்கட்டு, விரல் கணுக்கள். முழங்கை கார்டு அடிப்பதற்கு. மணிக்கட்டுதான் அன்றாட வேலைக்காரன். கணுக்களின் அசைவு மிகச் சிறியது, ஆனால் நுணுக்கம் அதில்தான் இருக்கிறது. மணிக்கட்டு பழகி ஆறு மாதமாவது ஆன பிறகே இதற்கு வாருங்கள். அவசரப்பட்டு முதலிலேயே விரலை ஆட்டிப் பழகியவர்களுக்கு மணிக்கட்டை அவிழ்ப்பது பெரும்பாடு.

4. இனி அந்த அசைவு. கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு ஒரு பென்சில் எடுங்கள். உள்ளங்கையின் அடிப்பாகத்தை மேசைமேல் ஊன்றி, ஒரு பிள்ளையார் சுழி போடுங்கள். போடும்போது கையை உற்றுப் பாருங்கள். மணிக்கட்டு நகரவில்லை. கட்டைவிரல் கணு மடங்குகிறது, நீள்கிறது, ஆள்காட்டி விரலும் கூடவே மடங்கி நீள்கிறது. தமிழ் எழுத்தில் எத்தனை வளைவு, எத்தனை சுழி! ஐந்து வயதிலிருந்து இந்த அசைவைப் பழகியிருக்கிறீர்கள். புதிதாகக் கற்க ஒன்றுமில்லை, இடம் மாற்றத்தான் வேண்டும்.

இப்போது கிட்டாரை எடுங்கள். கையின் அடிப்பாகத்தை பிரிட்ஜ் அருகே லேசாக வையுங்கள். ஒன்றாவது ஸ்ட்ரிங் மேல் பிக்கை நிறுத்தி, இரண்டு விரலையும் மெல்ல நீட்டுங்கள். பிக் தரைப்பக்கம் இறங்கும். அது டவுன் ஸ்ட்ரோக். மடக்குங்கள், பிக் மேலேறி வரும். அது அப் ஸ்ட்ரோக். கோடாக வேண்டாம், சின்ன நீள்வட்டமாக வரட்டும். சர்க்கிள் பிக்கிங் என்று கிட்டார்காரர்கள் சொல்வது இதைத்தான். வட்டம் ஒரு அரிசிமணி அகலத்துக்கு மேல் போகக்கூடாது. நாதம் மெலிசாக, உருண்டையாகக் கேட்கும். அதே சுரத்தை உடனே மணிக்கட்டால் வாசித்துப் பாருங்கள், வித்தியாசத்தைக் காதே சொல்லிவிடும்.

5. இதை எங்கே வைத்துக்கொள்வது? மெதுவான மெலடி, சத்தம் தாழ்ந்த இடம், ஒரே ஸ்ட்ரிங்கில் இரண்டு மூன்று சுரம் நெருங்கி வரும் இடம். ஒரு ஸ்ட்ரிங்கிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது மணிக்கட்டோடு இந்த அசைவு கொஞ்சம் சேர்ந்தால் தாவல் சுத்தமாக இருக்கும். ஸ்ட்ரம்மிங்குக்கு உதவாது. நல்ல வாசிப்பாளர்கள் கையில் மணிக்கட்டின் அசைவும் விரல் கணுக்களின் அசைவும் கலந்தே இருக்கும்.

6. மெட்ரோனோமை 60-இல் வையுங்கள். ஒரு தட்டுக்கு இரண்டு ஸ்ட்ரோக். பத்து நாள் அதிலேயே இருங்கள். பிறகு ஒரு தட்டுக்கு நான்கு, அதாவது விநாடிக்கு நான்கு. 120-இல் அது விநாடிக்கு எட்டாகும், அங்கே போக ஒரு வருடம் ஆனாலும் ஆகட்டும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று தடவை. அதற்கு மேல் வேண்டாம்.

7. ஏன் வேண்டாம் என்றும் சொல்கிறேன். கட்டைவிரல் நுனியை மடக்கும் தசை கட்டைவிரலில் இல்லை, முன்கையில் இருக்கிறது. அதன் நாண் மணிக்கட்டுக்குள் ஒரு குறுகிய வழியாகப் புகுந்து விரல் நுனிவரை ஓடுகிறது. அதனால்தான் விரலை இறுக்கினால் முன்கை வலிக்கிறது. இருபத்து நான்கு வயதில் ஒரு கச்சேரிக்காக நாள்தோறும் நான்கு மணிநேரம் இந்த அசைவை மட்டுமே பழகினேன். மூன்றாவது வாரம் காலையில் காபி டம்ளரைத் தூக்க முடியவில்லை. கச்சேரியும் போயிற்று, இரண்டு மாதம் கிட்டாரைத் தொடவும் முடியவில்லை. மரத்துப்போனாலோ, குத்துவலி வந்தாலோ அந்த நிமிடமே நிறுத்துங்கள். இரண்டு நாளில் தீராவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

8. பிக் இல்லாத கட்டைவிரலையும் கேளுங்கள். அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரத்து வெஸ் மாண்ட்கோமரி பிக்கே பிடிக்காமல் வெறும் கட்டைவிரலால் வாசித்தார். பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவில் பழகியவர், அக்கம்பக்கத்தார் தூக்கம் கெடக்கூடாது என்று விரலுக்கு மாறினார் என்பார்கள். ‘த இன்க்ரெடிபிள் ஜாஸ் கிட்டார் ஆஃப் வெஸ் மாண்ட்கோமரி’ 1960-இல் வந்த இசைத்தட்டு. சதை ஸ்ட்ரிங்கைத் தொடும் அந்தக் கனத்த, மென்மையான ஒலியைக் கேட்டால், பிக்கிலிருந்து எந்த நாதத்தைத் தேட வேண்டும் என்பது புரியும்.

9. வீணை கற்றுவிட்டு வரும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. உங்கள் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மீட்டிப் பழகியவை, பிக் பிடித்ததும் அவை விறைத்துக்கொள்ளும். நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்றையும் தளர்வாக விட்டுவிடுங்கள். முஷ்டி பிடித்தால் ஆள்காட்டி விரலும் சேர்ந்து இறுகும்.

10. வாரம் ஒருமுறை உங்கள் வலது கையை மட்டும் போனில் படமெடுங்கள். முகம் வேண்டாம், இடது கையும் வேண்டாம். ஒரு நிமிடப் படம் போதும். அதை வகுப்புக்கு எடுத்து வாருங்கள். ‘இளைய நிலா’ எப்போது என்ற கேள்விக்கு அதைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன்.