உப்பும் பொதுமையும்

மெய்ப்பொருளியல் என்றாலே வாழ்வுக்கு எட்டாத பேச்சு என்று ஒதுங்குவோர் நம்மில் பலர். அதன் மிகப் பழைய சிக்கல்களுள் ஒன்றை மரக்காணத்து உப்பளத்தில் வைத்தே விளக்கலாம் என்பது என் கருத்து.

பாத்தியில் விளையும் உப்புக் கற்கள் எண்ணிறந்தவை. ஒவ்வொன்றும் தனிப்பொருள். ஆயினும் அனைத்தையும் 'உப்பு' என்னும் ஒரே சொல்லால் குறிக்கிறோம். அந்தப் பொதுமை பொருள்களிடத்தே உள்ளதா? அன்றி, நாம் இட்ட பெயர் மட்டுந்தானா? உள்ளது என்போர் உண்மைவாதியர். பெயரே என்போர் பெயர்வாதியர்.

இவ்வழக்கு நம் நாட்டிலும் பழமையானதே. வைசேடிகர் இப்பொதுமையைச் 'சாமானியம்' என்று தனியே எண்ணினர். மணிமேகலையின் 27ஆம் காதையிலும் இதனைக் காணலாம். பௌத்த அறிஞர் திக்நாகரோ இதனை மறுத்தார். அவர் நெறிப்படி, 'உப்பு' என்ற சொல் உப்பு அல்லாதவற்றை விலக்குகிறது; அவ்வளவே.

பயன்வழிக் கொள்கையைத் தோற்றுவித்த அமெரிக்க அறிஞர் சார்லஸ் பியர்ஸ் (1839–1914) இச்சிக்கலுக்குப் புதுவழி கண்டார். ஒரு கருத்தின் பொருளை அறிய, அதனால் நிகழக்கூடிய விளைவுகளை நோக்குக என்பது அவர் விதி. பஞ்சினுள் தோன்றி, எவரும் சோதிக்குமுன் எரிந்துபோன வைரம் கடினமானதா என்று 1878இல் அவர் வினவினார். அது சொல்வழக்கைப் பொறுத்ததே என்று விடையும் கூறினார். 1905இல் அவ்விடையைத் தாமே திருத்தினார். சோதித்திருந்தால் அது கீறலைத் தாங்கியிருக்கும்; அந்த இயல்பு, சோதனை நிகழாவிடினும் உண்மையே என்றார்.

இதனை நம் உப்பளத்திற்குப் பொருத்துவோம். உவர்நீர் வெயிலில் செறிந்து, பாமே மானியில் ஏறத்தாழ 25 டிகிரியை எட்டும்போது உப்பு படியத் தொடங்குகிறது. 30 டிகிரியை நெருங்குமுன் எஞ்சிய நீரை வடித்துவிடுவர். இல்லையேல் மக்னீசிய உப்புகள் கலந்து கசக்கும். இன்னும் பிறவாத உப்பை நம்பியே தொழிலாளி பாத்தியை மிதித்துச் சீராக்குகிறார். பொதுமை என்பது வேறோர் உலகில் இருப்பதன்று. பொருள்கள் இனியும் இவ்வாறே நடக்கும் என்னும் ஒழுங்கே அது.

விளைந்த உப்பு, ஒருவர் நாவிலும் படுமுன் கோடை மழையில் கரைந்துவிடுவதுண்டு. அது கரித்திருக்குமா? நிகழ்ந்தவை மட்டுமே மெய் எனில், அந்தக் கரிப்பு வெறுஞ்சொல்லாகும். ஆனால் அன்று கூலியின்றித் திரும்பும் தொழிலாளி இழந்தது ஒரு சொல்லையா? பியர்ஸின் திருத்தமே சரி என்று நான் கருதுவது இதனாலேயே. பெயர்வாதத்தின் பக்கம் நிற்கும் மாணவர், இவ்வினாவுக்கு விடை கண்ட பின்னரே மேற்செல்ல வேண்டும்.