ஏஐ உதவியாளரிடம் வேலையை ஒப்படைக்கும்போது

மலேசியத் தமிழர்களின் அடையாள அட்டையில் பெயருக்கு நடுவே 'ஏ/எல்' அல்லது 'ஏ/பி' என்று இருக்கும். இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கம். வாடிக்கையாளர் பெயரைச் சரிபார்க்க ஒரு நிரல் எழுதித் தா என்று ஏஐ கருவியிடம் பொதுவாகக் கேட்டுப் பாருங்கள். எழுத்து, இடைவெளி, புள்ளி ஆகியவற்றை மட்டும் ஏற்றுக்கொண்டு, அந்தச் சாய்கோட்டைப் பிழையென்று தள்ளும் நிரல் வர நிறைய வாய்ப்பிருக்கிறது. நிரல் சுத்தமாக இருக்கும், சோதனைகளும் பச்சை காட்டும். ஆனால் கடைக்கு வருகிற கோவிந்தனின் மகனால் தன் பெயரைப் பதிய முடியாது. இந்த ஊர் விவரத்தை நாம் எழுதிக் கொடுக்காதவரை அந்தக் கருவிக்கு அதைக் கவனிக்கக் காரணமே இல்லை.

நான் சிம்பாங் அம்பாட்டில் இருந்துகொண்டு சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன். பக்கத்திலேயே பத்து காவான். 2014 மார்ச்சில் பினாங்கின் இரண்டாவது பாலம் திறந்த பிறகு தொழிற்சாலைகள் பெருகிய இடம். அவற்றுக்கு உதிரிபாகம் செய்து தரும் பட்டறைக்காரர்கள், லாரி ஓட்டுபவர்கள், சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். வருமான வரி வாரியம் மின் விலைப்பட்டியலைக் கட்டாயமாக்கியதும் இவர்களுக்குத் தலைவலி ஆரம்பித்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் ஆண்டு விற்பனை உள்ள நிறுவனங்களில் தொடங்கிய திட்டம், 2025 ஜூலை 1 அன்று 50 லட்சத்தைத் தாண்டியவர்கள் வரை இறங்கி வந்தது. விலைப்பட்டியல் வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்துக்குப் போய்ச் சரிபார்க்கப்பட்டு வர வேண்டும். தவறாகப் போனதை ரத்து செய்ய 72 மணி நேரம் உண்டு. அது கடந்துவிட்டால் கிரெடிட் நோட் போன்ற இன்னொரு ஆவணம் போட்டுத்தான் திருத்த முடியும். இத்தனை வேலையையும் ஒற்றை ஆளாக இழுக்க முடியாமல்தான் ஏஐ உதவியாளர்களிடம் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தேன்.

நான் பயன்படுத்துவது ஆந்த்ரோபிக்கின் கிளாட் கோட். சப்-ஏஜென்ட் என்கிற தனி உதவியாளர்களை நாமே உருவாக்கிக்கொள்ளும் வசதி அதில் 2025 ஜூலையில் வந்தது. ஒவ்வோர் உதவியாளரும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்புதான். மேலே அதன் பெயர், எப்போது கூப்பிட வேண்டும் என்ற விவரம், எந்தெந்தக் கருவிகளைத் தொடலாம் என்ற பட்டியல் இருக்கும். கீழே அது செய்ய வேண்டியதை நம் சொற்களில் எழுதுகிறோம்.

அந்த விவர வரியில் கஞ்சத்தனம் கூடாது. நாம் நேரடியாகப் பேசும் முதன்மை உதவியாளர் அதைப் படித்துத்தான் யாரிடம் வேலையைத் தள்ளுவது என்று முடிவு செய்கிறது. "வரி விஷயத்தில் உதவும்" என்று எழுதி வைத்தால் தேவையானபோது கூப்பிடாது, தேவையில்லாதபோது கூப்பிடும். "பில் தொகை, வரி, சில்லறைக் கணக்கு ஆகியவற்றைத் தொடும் எந்தக் கோப்பு மாறினாலும், மாற்றம் முடிந்த கையோடு கூப்பிடு" என்று எழுதுங்கள்.

இன்னொன்று, தனி உதவியாளருக்குத் தனி நினைவு. காலையிலிருந்து முதன்மை உதவியாளரிடம் நீங்கள் பேசித் தீர்த்த எதுவும் அதற்குத் தெரியாது. கையில் கொடுத்த குறிப்பையும் தன்னுடைய கோப்பையும் வைத்துத்தான் அது வேலையைத் தொடங்கும். வேலை முடிந்ததும் முடிவை மட்டும் திருப்பித் தரும். நிரலைச் சரிபார்க்க இது மிக நல்லது. எழுதியவரின் நியாயங்களைக் கேட்காத கண்ணால் பார்க்கும். ஆனால் ஊர் நடப்பு முழுவதையும் அதன் கோப்பிலேயே எழுதி வைத்தாக வேண்டும்.

வரிச் சரிபார்ப்பாளராக நான் உருவாக்கிய உதவியாளரின் கோப்பில் உள்ளதில் கொஞ்சம் சொல்கிறேன். சேவை வரி 2024 மார்ச் 1 முதல் 6 சதவீதத்திலிருந்து 8 ஆனது. ஆனால் உணவு, பானம், தொலைத்தொடர்பு, வாகன நிறுத்தம், சரக்குப் போக்குவரத்து ஆகியவற்றுக்கு 6 சதவீதம்தான். ஆகவே 8 என்ற எண் நிரலுக்குள் நேரடியாக எழுதப்பட்டிருந்தால் உடனே குறிப்பிடு. பழைய பில்லை மறுபடி அச்சிட்டால் அந்தத் தேதியின் விகிதமே வர வேண்டும். 2008 ஏப்ரல் முதல் 1 சென் நாணயம் புழக்கத்தில் இல்லாததால், ரொக்கம் வாங்கும்போது மொத்தத் தொகையை 5 சென்னுக்குச் சமன் செய்கிறோம். ஒவ்வொரு பொருளின் விலையையும் தனித்தனியே சமன் செய்யும் நிரல் தவறு, அட்டையில் கட்டுபவருக்குச் சமன் செய்ய வேண்டியதில்லை. பெயரில் சாய்கோடு வரும், 'பின்', 'பிந்தி' வரும், ஒரே சொல்லில் முடியும் பெயரும் வரும்.

இவற்றில் எதுவும் கணினி அறிவியல் இல்லை. கல்லாவில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்டால் தெரியும் சங்கதி. அதனால்தான் கோப்பை எழுதுவதற்கு முன் கடையில் போய் உட்காருங்கள் என்று புதிதாக வரும் பிள்ளைகளிடம் சொல்கிறேன். எந்த மாடல் சிறந்தது என்ற விவாதத்தில் போகும் நேரம் அங்கே போனால் பலன் அதிகம்.

அனுமதி விஷயத்தில் நான் கண்டிப்பானவன். கருவிப் பட்டியலை எழுதாமல் விட்டால், முதன்மை உதவியாளருக்கு உள்ள எல்லாக் கருவிகளும் தனி உதவியாளருக்கும் கிடைத்துவிடும். என் சரிபார்ப்பாளருக்குக் கோப்புகளைப் படிக்கவும் தேடவும் மட்டுமே உரிமை. திருத்த உரிமை கிடையாது. 1972-இல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை வந்த காலத்திலிருந்து மின்னணுத் தொழிற்சாலை வேலை தெரிந்த ஊர் இது. பலகையைப் பொருத்துகிறவர் வேறு, சோதிக்கிறவர் வேறு என்பது இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நிரலுக்கும் அதையேதான் செய்கிறேன். சரிபார்ப்பாளர் கையில் பேனாவைக் கொடுத்தால், குறையைச் சொல்வதற்குப் பதில் தானே பூசி மெழுகிவிடும். என்ன தவறு இருந்தது என்பது நமக்குத் தெரியாமலே போய்விடும்.

அறிக்கை எப்படி வர வேண்டும் என்பதையும் கோப்பில் எழுதிவிடுங்கள். எந்தக் கோப்பு, எந்த வரி, என்ன தவறு, எந்த மாதிரி பில்லைப் போட்டால் அது வெளிப்படும் என்ற நான்கும் வேண்டும். "எல்லாம் சரி" என்று மட்டும் சொல்வதை நான் ஏற்பதில்லை; எதையெல்லாம் பார்த்துச் சரி என்கிறது என்ற பட்டியல் வேண்டும். சட்டத்தில் சந்தேகம் வந்தால் ஊகிக்காமல் என்னைக் கேள் என்றும் ஒரு வரி இருக்கிறது. அந்தக் கேள்விகளைக் கணக்காய்வாளரிடம் கொண்டுபோவது என் வேலை.

உதவியாளர்களைக் கூட்டிக்கொண்டே போவதில் எனக்கு உடன்பாடில்லை. பல உதவியாளர்கள் சேர்ந்து செய்யும் வேலைக்குச் சாதாரண உரையாடலைப் போல் ஏறக்குறைய 15 மடங்கு டோக்கன் (மாடல் படித்து எழுதும் சொல்துண்டுகள்) செலவாகிறது என்று ஆந்த்ரோபிக்கே 2025-இல் எழுதியது. படிப்பது, தேடுவது, சோதிப்பது ஆகியவற்றைப் பலரிடம் ஒரே நேரத்தில் கொடுக்கலாம். நிரல் எழுதுவதை ஒரே கையில் வையுங்கள். இரண்டு உதவியாளர்கள் ஆளுக்கொரு பாதியை எழுதினால், ஒன்று தொகையைச் சென்னில் வைக்கும், மற்றொன்று ரிங்கிட்டில் வைக்கும். இரண்டும் தனித்தனியே சரியாக இருப்பதால் பிழை எங்கே என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

வாடிக்கையாளரின் உண்மையான வரி எண், அடையாள அட்டை எண், மின் கையொப்பச் சான்றிதழ் எதையும் உதவியாளர் படிக்கும் இடத்தில் வைக்காதீர்கள். மைஇன்வாய்ஸுக்குத் தனிச் சோதனைத் தளம் இருக்கிறது. அதன் சாவியும் கற்பனைப் பெயர்களும் போதும். உண்மைத் தளத்துக்கு அனுப்பும் பொத்தானை மனிதர்தான் அழுத்த வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் நிரல் எழுதும் உதவியாளரிலிருந்து தொடங்க வேண்டாம். படிக்க மட்டும் உரிமை உள்ள ஒரு சரிபார்ப்பாளரை முதலில் உருவாக்குங்கள். நீங்களே எழுதிய பழைய நிரலை அதனிடம் கொடுத்து, வருகிற அறிக்கையை வரிவரியாகப் படியுங்கள். அது தவறவிட்டதையெல்லாம் அதன் கோப்பில் சேருங்கள். அந்த அறிக்கையை நம்ப முடிகிறது என்று ஆன பிறகு அடுத்த உதவியாளரைப் பற்றி யோசிக்கலாம்.