கைச்செலவுப் பணமும் பரிமாண விரதமும்

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் இறுதியாக நிற்பது மிகுபொருள் விரும்பாமை. பரிக்கிரக பரிமாணம் என்றும் இதனை வழங்குவர். பரிமாணம் என்பது அளவு. நிலம், வீடு, பொன், வெள்ளி, தானியம், ஆடை, பாத்திரம் முதலியவற்றுள் 'எனக்கு இவ்வளவே போதும்' என இல்லறத்தார் தாமே வரைந்து கொள்வது இவ்விரதம். ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு. அளவு குறிக்கப்படுவது பொருள் கைக்கு வருமுன்னர். செலவான பின்னர் அன்று.

கோடை விடுமுறை அறநெறி வகுப்புகளில் நம் பிள்ளைகள் ஐந்து விரதங்களின் பெயரையும் பிழையின்றி ஒப்புவிக்கின்றனர். ஆயினும் அவர்தம் கையிலுள்ள பணத்தோடு ஐந்தாம் விரதத்தை நாம் இணைத்துக் காட்டுவதில்லை. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று ஆசிரியப் பயிற்சியில் கற்ற நாமே இதில் தவறினோம்.

பதினொன்றாம் வகுப்புப் பயிலும் நம் பேத்திக்கு மாதந்தோறும் 1,000 ரூபாய் கைச்செலவுக்குத் தரப்படுகிறது. ஒரு மாதம் பன்னிரண்டாம் நாளே அது தீர்ந்தது. எதற்குச் செலவாயிற்று என அவளுக்கே தெரியவில்லை. நோட்டாக இருந்தால் பணப்பை மெலிவது கண்ணுக்குத் தெரியும், 2016இல் யு.பி.ஐ. முறை வந்தபின் பணம் ஓசையின்றிப் போகிறது. கைப்பேசியைப் பார்த்து இருவரும் தாளில் எழுதினோம். முப்பத்தேழு செலவுகள், ஒன்றும் 60 ரூபாயைத் தாண்டவில்லை. நாம் ஒரு சொல்லும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறுமாதம் முதல் நாளே அவள் வரைந்த அளவு இது: பேருந்துக்கு 300, சிற்றுண்டிக்கு 250, சேமிப்புக்கு 300, தானத்திற்கு 50, எதிர்பாராததற்கு 100. பத்து வயது கடந்தோர் தம் பெயரிலேயே அஞ்சலகத்தில் ஆர்.டி. கணக்குத் தொடங்கலாம், மாதம் 100 ரூபாயே போதும். 300 வீதம் ஐந்தாண்டு செலுத்தினால் முதல் மட்டும் 18,000 ஆகும்.

முதல் மாதமே சிற்றுண்டி அளவைக் கடந்தது. அறிந்தோ அறியாமலோ விரதத்தில் நேரும் வழுவை அதிசாரம் என்பர். அதனால் விரதத்தையே கைவிடுவதில்லை, உணர்ந்து திருத்திக் கொள்வர். மிகுந்த தொகையை அடுத்த மாதச் சிற்றுண்டியில் கழித்தாள். இவ்விடத்தில் பெற்றோர் கை நீளாதிருத்தல் வேண்டும். அவள் தந்தை இரக்கப்பட்டு 200 ரூபாய் நீட்டினார், நாம் தடுத்தோம். வீட்டில் அன்று சிறிது மனவருத்தந்தான்.

இத்துணைக் கண்டிப்பு எதற்கெனில், பதினெட்டு வயது நிரம்பாதார் செய்யும் ஒப்பந்தம் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது; அதுவரை கடன் அவர்களை அணுகாது. பதினெட்டு நிரம்பியதும் அக்கதவு திறக்கிறது. கடன் அட்டை நிலுவைக்கு மாதம் 3.5 விழுக்காடு அளவில் வட்டி வாங்குதல் வழக்கம். கூட்டு வட்டிக் கணக்கைப் பல்லாண்டு கரும்பலகையில் போட்டோம். 'வைப்பு வைத்தவர் பெறுவது எவ்வளவு?' என்றே வினவினோம். கடன்பட்டவர் பக்கம் நின்று வினவியது அரிது. அக்குறையை இப்போது பேத்தியிடம் தீர்த்துக் கொண்டோம். 10,000 ரூபாய்க் கடனைத் திருப்பாமல் விட்டால், அபராதம் சேர்க்காமலே ஓராண்டில் 15,100 ஆயிற்று. மூன்றாண்டுக்கும் போடச் சொன்னோம், 34,500ஐத் தொட்டது.

"அதற்குள் வாங்கின பொருளே உடைஞ்சு போயிருக்குமே பாட்டி" என்றாள்.