விரலிடுக்கு ஈரம்

இந்த மாதப் பாடம் கொஞ்சம் நாற்றமடிக்கும் பாடம். சிரிக்காதீங்க, சேற்றுப்புண் பற்றித்தான் பேசப் போகிறோம்.

பல்கலைக்கழக இரண்டாம் ஆண்டில் எனக்கு வந்தது. பட்டறை வகுப்புக்குப் பாதுகாப்பு பூட்ஸ் கட்டாயம். மழையில் நனைந்த பூட்ஸைக் காயவைக்காமல் மறுநாளும் மாட்டிக்கொண்டு ஓடுவேன். ஒரு மாதத்தில் கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவே அரிப்பு. தோல் வெள்ளையாக ஊறி, உரிந்து, வெடித்துவிட்டது. அம்மாவுக்குப் போன் போட்டேன். “மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில குழைச்சுப் போடுப்பா” என்றார். போட்டேன். போட்ட கையோடு காலுறையையும் மாட்டிக்கொண்டேன். இன்னும் மோசமானதுதான் மிச்சம்.

மலாய்க்காரர்கள் இதைக் ‘குத்து ஆயர்’ என்பார்கள், அதாவது தண்ணீர்ப் பேன். உண்மையில் இது பேனும் இல்லை, சேறும் இல்லை. பூஞ்சை. பெரும்பாலும் டிரைக்கோபைட்டன் ரூப்ரம் என்ற வகை. தோலின் மேலடுக்கில் உள்ள கெராட்டின் என்ற புரதம்தான் அதற்குச் சாப்பாடு.

தீ எரிய எரிபொருள், வெப்பம், ஆக்சிஜன் மூன்றும் வேண்டும். ஒன்றை எடுத்தால் அணைந்துவிடும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். பூஞ்சைக்கும் அப்படி மூன்று வேண்டும்: தோல், வெதுவெதுப்பு, ஈரம். தோலை எடுக்க முடியாது. நம் ஊர் வெயிலையும் குறைக்க முடியாது. நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான்.

இப்போது வீட்டு வைத்தியத்தை இந்தக் கணக்கில் போட்டுப் பார்ப்போம்.

மஞ்சள்: பூஞ்சையை எதிர்க்கும் தன்மை ஆய்வகச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. ஆனால் எண்ணெயோடு விரலிடுக்கில் அப்பி மூடிவிட்டால், ஈரமும் உள்ளேயே தங்கிவிடும். நான் செய்த தப்பு இதுதான்.

உப்புத் தண்ணீர்: காலைச் சுத்தமாக்கும். பூஞ்சையை ஒழிக்காது. கழுவிய பிறகு நன்றாகத் துடைக்காவிட்டால் பலன் இல்லை.

வினிகர், பச்சைப் பூண்டு: வெடித்த தோலில் வினிகரை அப்படியே ஊற்றினால் எரியும். பூண்டை அரைத்துக் கட்டினால் தோல் வெந்து கொப்புளமே வந்துவிடும். இரண்டும் வேண்டாம்.

சரி, எதுதான் வேலை செய்யும்? மருந்துக்கடையில் கிடைக்கும் குளோட்ரிமசோல் அல்லது டெர்பினாபின் கிரீம். கழுவி, துடைத்து, காய்ந்த பிறகு புண்ணைச் சுற்றியும் கொஞ்சம் தள்ளிப் பூசுங்கள். அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தாதீங்க. குளோட்ரிமசோல் என்றால், தோல் சரியான பிறகும் இரண்டு வாரம் போட வேண்டும். டெர்பினாபினுக்கு நாள் குறைவு. எத்தனை நாள் என்று மருந்தாளரிடம் கேளுங்கள். வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு கிரீமை மட்டும் எடுத்துப் பூசாதீங்க. அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? அந்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போனேன். குளியலறை வாசலில் இருந்த ஒரே கால்மிதியைத்தான் எல்லாரும் மிதித்தோம். அப்பாவின் சிலிப்பரையும் போட்டுக்கொண்டு திரிந்தேன். சில வாரத்தில் அப்பாவுக்கும் அதே வெடிப்பு. அவருக்கு இனிப்புநீர். கால் மரத்துப்போனதால் அரிப்பே தெரியவில்லை. வெடிப்பு வழியாகக் கிருமி புகுந்து, கணுக்கால் வரை சிவந்து வீங்கிய பிறகுதான் கவனித்தோம். மருத்துவமனையில் படுத்திருந்தார். வருஷம் தவறாமல் பத்துமலையில் 272 படிகளையும் வெறுங்காலோடு ஏறுகிறவர், அந்தத் தைப்பூசத்துக்கு வீட்டிலேயே இருந்தார். என்னிடமிருந்துதான் தொற்றியது என்று நிரூபிக்க முடியாது. ஆனால் அப்பா ஒரு வார்த்தை கூடத் திட்டாததுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அதனால், வீட்டில் இனிப்புநீர் உள்ளவருக்கு விரலிடுக்கில் வெடிப்பு தெரிந்தால் கைவைத்தியம் வேண்டாம். நேராக கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். வீக்கம், சீழ், காய்ச்சல் இருந்தாலோ, நகம் தடித்து மஞ்சளானாலோ, கிரீம் போட்டும் குறையாவிட்டாலோ, யாராக இருந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இந்த வாரப் பயிற்சி:

1. குளித்ததும் ஒவ்வொரு விரலிடுக்கையும் துடையுங்கள். காலுக்குத் தனித் துண்டு.
2. ஒரே சப்பாத்தைத் தினமும் போடாமல், ஒருநாள் விட்டு ஒருநாள் காயவிடுங்கள். காலுறையைத் தினமும் மாற்றுங்கள்.
3. புண் இருந்தால் காலுறையை முதலில் போட்டுவிட்டு உள்ளாடையைப் போடுங்கள். இல்லாவிட்டால் பூஞ்சை தொடையிடுக்குக்கும் ஏறும்.
4. விடுதிக் குளியலறையில் சிலிப்பர் போடுங்கள், உங்களுடையதை மட்டும்.
5. இன்று இரவு அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி கால் விரல்களை விரித்துப் பாருங்கள். “என்னடா புதுசா?” என்று கேட்பார்கள். பரவாயில்லை, பாருங்கள்.