மெலிந்த தேகத்தின் வரவு செலவு

காலை முதல் இரவு வரை கல்லாவில் அமர்ந்தே காலம் கழிக்கும் நம்மவர்களுக்கு நீரிழிவு அந்நிய வியாதியன்று. தேகம் பெருத்தால் அது வரக்கூடும் என்பதை யாவரும் அறிவோம். பெருத்த தேகம் மெலிந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்பதை அறிந்தவர் சிலரே. அதனை இங்கே சிறிது விளக்குவோம்.

நாம் உண்ணும் சோறும் ரொட்டியும் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கின்றன. அதனை உறுப்புகளுக்குள் சேர்ப்பிப்பது கணையத்தில் ஊறும் இன்சுலின். மிஞ்சிய கொழுப்பு ஈரலில் தங்கினால் ஈரல் இன்சுலினுக்குச் செவி சாய்ப்பதில்லை. வேண்டாத வேளையிலும் சர்க்கரையை வெளியே தள்ளுகிறது. கணையத்திலும் கொழுப்பு சேர்ந்தால் இன்சுலின் ஊறுவதே குன்றுகிறது. கிட்டங்கியில் சரக்கு அளவுக்கு மீறி அடைந்தால் ஆள் நடக்க வழியில்லாமற் போகிறதல்லவா?

இந்நிலை திரும்பக் கூடியதே. பிரிட்டனில் பேராசிரியர்கள் ராய் டெய்லரும் மைக் லீனும் நடத்திய 'டைரெக்ட்' ஆய்வின் முடிவு 2017-ல் வெளிவந்தது. நோய் கண்டு ஆறாண்டு நிறையாத, இன்சுலின் ஊசி போடாதவர்களுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளொன்றுக்குச் சுமார் 850 கலோரி உணவு மட்டுமே கொடுத்தார்கள். ஓராண்டில் 100-க்கு 46 பேர் மருந்தின்றியே நீரிழிவு நீங்கி நின்றனர். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களிலோ 100-க்கு 86 பேர்!

வரவைச் சொல்லிச் செலவை மறைக்கலாகாது. மெலிந்த தேகம், பஞ்சம் வந்துவிட்டதென எண்ணிச் செலவைச் சுருக்குகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் சராசரி 58 கிலோ குறைத்த 14 பேரை ஆறாண்டு கழித்துச் சோதித்த விவரம் 2016-ல் வெளிவந்தது. அதற்குள் சராசரி 41 கிலோ திரும்பியிருந்தது. அப்படியிருந்தும் ஓய்வில் அவர்கள் தேகம் எரித்த கலோரி, எதிர்பார்த்ததைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 குறைவு. பசியடக்கும் லெப்டினும் பழைய அளவுக்கு ஏறவில்லை. மீண்டும் பருத்தவரைக் கண்டு, 'வாயைக் கட்டத் தெரியாதவர்' என்று கடைவாசலில் நகைப்பது என்ன நியாயம்? நாமும் நகைத்தவர்களே.

இன்னொன்று. எடை இறங்கும்போது இன்சுலின் ஊசியும் சிலவகை மாத்திரைகளும் பழைய அளவிலேயே தொடர்ந்தால் சர்க்கரை மிகத் தாழ்ந்து வேர்வை, நடுக்கம், மயக்கம் உண்டாகலாம். மேற்படி ஆய்வில் வைத்தியர்களே முதல் நாளில் மாத்திரையை நிறுத்தினார்கள். நம்மவரோ பத்தியம் தொடங்கி மூன்று வாரம் சென்றபின் டாக்டரிடம் போய்ச் சொல்கிறார்கள்! தொடங்குமுன்பே சொல்ல வேண்டும். எடை திரும்பினால் ஈரலில் கொழுப்பும், கூடவே வியாதியும் திரும்பக்கூடும். ஆதலால் மருந்து நின்றவரும் ஆண்டுக்கொரு முறையேனும் இரத்தத்தைச் சோதித்துக்கொள்வது அவசியம்.