மாட்டுத் தீனியும் மூளை வியாதியும்

கால்நடைகளைப் பற்றும் தொத்து வியாதிகள் பெரும்பாலும் கிருமிகளால் உண்டாகின்றன. கிருமியின்றிப் பரவும் வியாதியும் உண்டு. பிராணிகளின் உடலில் இயல்பாயுள்ள ஒரு புரதம் தன் மடிப்பு மாறித் தீய வடிவம் அடைந்து, அடுத்துள்ள நல்ல புரதத்தையும் தன்னைப் போலாக்குகிறது. உப்புப் பாத்தியில் முதலில் விளைந்த மணியைப் பற்றி மற்ற உப்புப் படிவது இதற்கு உவமையாகும். இத்தீய புரதத்திற்குப் பிரியான் என்று பெயர். இது சமையற் சூட்டில் அழியாது. மண்ணிற் புதைத்தாலும் பல ஆண்டுகள் கெடாது. இதனால் மூளை கடற்பஞ்சு போல் துளைபட்டு, மாடு மிரண்டு தள்ளாடி மாண்டுபோம். சிகிச்சை கிடையாது.

சீமையில் நேர்ந்தது

இங்கிலாந்தில் செத்த கால்நடைகளின் இறைச்சியையும் எலும்பையும் தூளாக்கி மாடுகளுக்குத் தீனியாக இட்டு வந்தனர். 1986-ஆம் ஆண்டில் இவ்வியாதி அங்கு கண்டறியப்பட்டது. 1988-இல் அத்தீனி தடுக்கப்பட்டது. எனினும், நோய் வெளிப்படச் சுமார் ஐந்தாண்டுகள் செல்லுமாதலால், மொத்தத்தில் 1,80,000-க்கு மேற்பட்ட மாடுகளிடம் அது காணப்பட்டது. மனிதருக்கும் அது தாவியதென 1996-இல் தெரியவந்தது. அந்நாட்டில் 170-க்கு மேற்பட்டோர் அதனால் இறந்தனர்.

இருவகைப் பிராணிகளின் புரதங்கள் எவ்வளவுக்கு ஒத்திருக்கின்றனவோ, அவ்வளவுக்கு வியாதி தாவுதல் எளிதாகும். செம்மறியாடுகளின் 'ஸ்கிரேபி' என்னும் இதே இன வியாதி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அறியப்பட்டிருந்தும், மனிதரைப் பற்றியதாகத் தெரியவில்லை. மாட்டு வியாதியோ பற்றிற்று. மூளையும் தண்டுவடமுமே அதற்கு முக்கிய இருப்பிடம். பாலின் வழியாகப் பரவியதாகச் சான்றில்லை.

நம் நாட்டு நிலை

இமயமலை அடிவாரச் செம்மறியாடுகளில் ஸ்கிரேபி இருந்தது 1961-இல் வெளியிடப்பட்டது. மாடுகளில் இவ்வியாதி இந்தியாவில் காணப்படவில்லை. 2010-இல் உலகக் கால்நடை நல நிறுவனம் இந்தியாவை மிகக் குறைந்த அபாயமுள்ள நாடாக ஒப்புக்கொண்டது. வைக்கோலும் பிண்ணாக்கும் உண்டு வாழும் நம் மாடுகளின் வழக்கமே இதற்குப் பெருங்காப்பு.

செய்யத்தக்கவை

1. இறைச்சித் தூள், எலும்புத் தூள் கலந்த தீனியை மாடு, ஆடுகளுக்கு இடலாகாது. எருவுக்கு வாங்கிய எலும்புத் தூள் மூட்டையை மாட்டுக்கு எட்டாதபடி வைக்க வேண்டும்.

2. மாடு எலும்பைக் கடித்தால், மணிச்சத்துக் குறைவு காரணமாயிருக்கலாம். அனுமந்தை முதலிய மரக்காணம் உப்பளக் கரையூர்களில் உப்புக்குப் பஞ்சமில்லை. ஆயினும் கறியுப்பில் மணிச்சத்து இல்லை. தவிடும் தாது உப்புக் கலவையும் கொடுத்தல் நலம். அழுகிய எலும்பைக் கடித்த மாடு, அதிலுள்ள நஞ்சினால் கால்கள் செயலற்று விழுவதும் உண்டு.

3. தள்ளாடி, வாய்நீர் ஒழுக்கும் மாட்டின் வாயில் கையிடலாகாது. இங்கு முதலில் ஐயுறத்தக்கது நாய்க்கடி வெறிநோயே. கை பட்டவர் சோப்பிட்டு நன்கு கழுவி, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.

4. காரணம் அறியாமல் செத்த மாட்டை உரிப்பதும் அறுப்பதும் கூடாது. 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தொத்து வியாதியென ஐயம் தோன்றினால், உடைமையாளர் கிராம அதிகாரிக்கோ பஞ்சாயத்துக்கோ அறிவித்தல் கடமை. அவர்கள் அதனை அருகிலுள்ள கால்நடை மருத்துவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கலாம். மூளையைச் சோதித்தாலன்றி வியாதி இன்னதென்று துணிய இயலாதாகையால், தாமதம் உண்மையை மறைத்துவிடக்கூடும்.