நியூட்டன் வாங்கிய பங்குகள்

1720ஆம் ஆண்டில் இலண்டன் அரசாங்க நாணயச் சாலையின் தலைவராக ஐசக் நியூட்டன் பணியாற்றி வந்தார். அப்போது அவருக்கு வயது 77. புவியீர்ப்பு விதியை உலகிற்கு விளக்கிய அதே நியூட்டன்தான். நாணயச் சாலையில் அவர் பெயருக்கு மட்டும் தலைவராக இருந்தவர் அல்லர். கள்ள நாணயம் அடிப்போரைத் தேடிப் பிடித்து, சாட்சிகளைத் தாமே விசாரித்து, நீதிமன்றத்தில் நிறுத்தியவர். கணக்கும் பணமும் அவருக்கு நன்கு பழகியவை. அத்தகையவர் அந்த ஒரே ஆண்டில் பெருந்தொகையைப் பங்குச் சந்தையில் இழந்தார்.

அது எப்படி நடந்தது என்பதை அறிய, அவர் வாங்கிய பங்கைப் பற்றி முதலில் அறிய வேண்டும்.

ஒரு நிறுவனத்தின் உரிமையைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து விற்பதையே பங்கு என்கிறோம். பங்கை வாங்கியவர் அந்த நிறுவனத்தின் உரிமையாளர்களுள் ஒருவர் ஆகிறார். நிறுவனம் ஈட்டும் இலாபத்தில் ஒரு பகுதி அவருக்கு இலாப ஈவாக வந்து சேரும். விரும்பினால் அந்தப் பங்கை அவர் பிறருக்கு விற்கலாம். விலை ஏறியிருந்தால் அதிலும் ஆதாயம் உண்டு. எனவே, பங்கு வாங்குவோர் இருவகைப்படுவர். ஒருவர் நிறுவனம் என்ன சம்பாதிக்கிறது என்று பார்க்கிறார். மற்றொருவர் தம்மைவிட அதிக விலை கொடுக்க யார் வருவார் என்று பார்க்கிறார். முதலாமவர் செய்வது முதலீடு. இரண்டாமவர் செய்வது ஊக வணிகம். ஒரே மனிதர் காலையில் முதலாமவராகவும் மாலையில் இரண்டாமவராகவும் மாறிவிடலாம் என்பதுதான் சிக்கல்.

நியூட்டன் வாங்கியது தென்கடல் நிறுவனத்தின் பங்கு. 1711இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனத்திற்கு, ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த தென் அமெரிக்கப் பகுதிகளோடு வணிகம் செய்யும் தனியுரிமை கிடைத்தது. ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகக் கப்பலேற்றிச் சென்று விற்பதும் அவ்வணிகத்தில் அடங்கியிருந்தது. இலாபம் பற்றிப் பேசிய பலர் அந்தக் கொடுமையைப் பற்றிப் பேசவில்லை. 1718இல் ஸ்பெயினுடன் போர் மூண்டதும் அந்த வணிகமும் தடைபட்டது. ஆக, பங்கு விலை விண்ணை முட்டிய 1720இல் நிறுவனத்திற்குத் தென்கடலிலிருந்து வந்த வருமானம் மிகவும் குறைவு. அரசாங்கத்தின் கடனை ஏற்றுக்கொண்டு அதற்குப் பெற்ற வட்டியே அதன் முதன்மையான வருவாய்.

அப்படியிருந்தும் விலை ஏறியது. சனவரியில் ஏறத்தாழ 128 பவுண்டாக இருந்த ஒரு பங்கு, கோடைக்காலத்தில் 1,000 பவுண்டைத் தொட்டது. இதற்கு நிறுவனமே வழி செய்து கொடுத்தது. புதிய பங்குகளை வாங்குவோர் முழுத் தொகையையும் கட்டத் தேவையில்லை. சிறு தொகையைக் கட்டிவிட்டு, மீதியைத் தவணை முறையில் கொடுத்தால் போதும். கையிலுள்ள பங்கை அடகு வைத்து அதே நிறுவனத்திடம் கடன் பெறலாம். அந்தக் கடனைக் கொண்டு மேலும் பங்கு வாங்கலாம். வாங்குவோர் பெருகியதால் விலை ஏறியது. விலை ஏறியதால் வாங்குவோர் மேலும் பெருகினர்.

நியூட்டன் தொடக்கத்தில் நிதானமாகவே நடந்துகொண்டார். பல ஆண்டுகளாகத் தம்மிடம் இருந்த தென்கடல் பங்குகளில் பெரும்பாலானவற்றை அந்த ஆண்டின் வசந்த காலத்தில் நல்ல விலைக்கு விற்றுவிட்டார். கைநிறைய இலாபம் கிடைத்தது. கதை அங்கேயே முடிந்திருக்கலாம்.

ஆனால், அவர் விற்ற பின்னரும் விலை ஏறிக்கொண்டே இருந்தது. விற்காமல் வைத்திருந்தவர்கள் வாரந்தோறும் பணக்காரர் ஆயினர். சில வாரங்கள்தாம் கடந்தன. சூன் மாதத்தில் நியூட்டன் மீண்டும் சந்தைக்குள் நுழைந்தார். தாம் விற்ற விலையைப்போல் ஏறத்தாழ இருமடங்கு கொடுத்து அதே பங்குகளை வாங்கினார். முதலில் கிடைத்த இலாபம் மட்டுமன்றி வேறு சேமிப்பும் அதில் போனது. வசந்த காலத்தில் அந்தப் பங்கைப் போதுமான விலை என்று விற்றவர், கோடையில் அதையே இருமடங்கு விலைக்கு வாங்கியதற்கு நிறுவனத்தில் ஏற்பட்ட எந்த முன்னேற்றமும் காரணமன்று. மற்றவர்கள் சம்பாதிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியவில்லை.

செப்டம்பர் மாத இறுதியில் பங்கின் விலை ஏறத்தாழ 200 பவுண்டுக்குச் சரிந்தது. நியூட்டன் 20,000 பவுண்டுவரை இழந்ததாக அவருடைய தங்கை மகள் பின்னாளில் கூறினார். அதன் பிறகு தென்கடல் என்ற சொல்லைத் தம் முன்னால் எவரும் உச்சரிப்பதை அவர் விரும்பவில்லை என்பர்.

இந்தச் சரிவை யாருமே முன்கூட்டி உணரவில்லை என்று கூற இயலாது. ஆர்ச்சிபால்ட் ஹட்சிசன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் எளிய கணக்கு ஒன்றைப் போட்டார். இந்த விலைக்குத் தகுந்த ஆதாயத்தை எல்லாப் பங்குதாரர்களுக்கும் கொடுக்க வேண்டுமானால் நிறுவனம் எவ்வளவு சம்பாதிக்க வேண்டும்? அவ்வளவு இலாபம் எந்த வணிகத்திலிருந்தும் வர வழியில்லை என்று அவர் சிறு நூல்களை அச்சிட்டு வெளியிட்டார். கணக்கில் அவரைவிடப் பன்மடங்கு வல்லவரான நியூட்டனுக்கு அந்தக் கணக்கு ஒரு பொருட்டே அன்று. போட்டுப் பார்க்க மனம் இடம் கொடுத்திருக்க வேண்டும்.

அதே பங்கில் செல்வம் ஈட்டியவரும் உண்டு. தாமஸ் கை என்பவர் இலண்டனில் புத்தக வணிகர். சிக்கனத்திற்குப் பெயர் போனவர். அவரும் பல ஆண்டுகளாகத் தென்கடல் பங்குகளை வைத்திருந்தார். விலை ஏறத் தொடங்கியதும் சிறிது சிறிதாக விற்கலானார். ஒரு பங்கு ஏறக்குறைய 300 பவுண்டாக இருந்தபோது தொடங்கி, 600 பவுண்டைத் தொட்டபோது முடித்தார். உச்ச விலையான 1,000 பவுண்டு அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் விற்ற பங்கை வாங்கியவர்கள் அவரைப் பார்த்து அந்தக் கோடையில் சிரித்திருக்கவும் கூடும். ஆயினும், அவர் திரும்பிச் சென்று வாங்கவில்லை. ஏறத்தாழ 234,000 பவுண்டு அவர் கைக்கு வந்தது. மறு ஆண்டே மருத்துவமனை ஒன்றைக் கட்டத் தொடங்கினார். அவர் பெயரைத் தாங்கிய அந்த மருத்துவமனை இன்றும் இலண்டனில் இயங்கி வருகிறது.

இவையெல்லாம் முந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய செய்தி என்று ஒதுக்கிவிட முடியாது. மலேசியாவிலும் இதே கதை நடந்தது. 1993ஆம் ஆண்டில் கோலாலம்பூர் பங்குச் சந்தையின் குறியீட்டெண் ஒரே ஆண்டில் ஏறத்தாழ இருமடங்கு ஆனது. தரகு நிறுவனங்களின் கூடங்களில் விலைப்பலகையைப் பார்க்கக் கூட்டம் நிரம்பி வழிந்தது. பணி ஓய்வு பெற்றவர்களும் இல்லத்தரசிகளும் சிறு வணிகர்களும் அங்கே இருந்தனர். நிறுவனம் எதைத் தயாரிக்கிறது என்று தெரியாமலே பலர் அதன் பங்கை வாங்கினர். தரகு நிறுவனங்களிடமும் வங்கிகளிடமும் கடன் பெற்று வாங்கியவர்களும் இருந்தனர். 1994 சனவரி 5ஆம் நாள் குறியீட்டெண் 1,314 புள்ளிகளைத் தொட்டது.

பின்னர் 1997இல் தாய்லாந்தில் தொடங்கிய நிதி நெருக்கடி மலேசியாவையும் தாக்கியது. 1998 செப்டம்பர் 1ஆம் நாள் குறியீட்டெண் 262 புள்ளிகளுக்கு வீழ்ந்தது. ஐந்தில் நான்கு பங்கு மதிப்பு மறைந்து போனது. அடுத்த நாளே அரசாங்கம் ஓர் அமெரிக்க டாலருக்கு 3 ரிங்கிட் 80 சென் என நாணய மதிப்பை நிலைநிறுத்தியது. சந்தை மெல்ல மெல்ல எழுந்தது. வீழ்ச்சியின் அடிமட்டம் அந்தச் செப்டம்பர் 1தான் என்பது அன்று எவருக்கும் தெரியாது.

1994இல் தொட்ட உச்சத்தைக் குறியீட்டெண் மீண்டும் தாண்டியது 2007ஆம் ஆண்டில்தான். உச்ச விலையில் பங்கு வாங்கிய 18 வயது இளைஞர் ஒருவர் அதைக் காண 31 வயதுவரை காத்திருக்க வேண்டும். நல்ல நிறுவனங்களின் பங்குகளைச் சொந்தப் பணத்தில் வாங்கியவர்களால் காத்திருக்க முடிந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இலாப ஈவும் அவர்களுக்கு வந்துகொண்டிருந்தது. கடன் பெற்று வாங்கியவர்களின் நிலை வேறு. பங்கின் மதிப்பு கடன் தொகைக்குப் போதாத அளவுக்குக் குறைந்ததும், கூடுதல் பணம் கட்டும்படி அவர்களுக்கு அறிவிப்பு வந்தது. கட்ட இயலாதவர்களின் பங்குகள் அன்றைய சந்தை விலைக்கே விற்கப்பட்டன. விற்ற பிறகும் தீராத கடனை அவர்கள் மாதச் சம்பளத்திலிருந்து கட்டினர்.